அகலத்திரை அண்ணனும் என் செவ்வாயும்

செல்போனைக் கண்டுபிடித்த மனிதரே நேரில் வந்து எதிரே உட்கார்ந்தாலும், ஒரு போன் எத்தனை இஞ்ச் இருக்க வேண்டும் என்கிற விஷயத்தில் அகலத்திரை அண்ணனிடம் தோற்றுத்தான் எழுந்து போவார். தேனியிலிருந்து கம்பம் போகிற பஸ்ஸில் ஏறினால், இறங்குவதற்குள் பக்கத்து சீட்டுக்காரரின் போனை வாங்கிப் பார்த்து, அதன் குறைகளை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லி, அவரை இரண்டு நாளைக்குத் தூங்கவிடாமல் செய்துவிடுவார். அப்படி நிம்மதி இழந்தவர்கள் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க இருக்கிறார்கள்.

அல்லிநகரத்தில் வீடு. தொழில், கல்யாணத் தரகு. மற்ற தரகர்களுக்கு மஞ்சள் பையும் ஜாதகக் கட்டும் இருந்தால் இவருக்குப் போன். அது சாதாரணப் போன் இல்லை. சாம்பார்ச் சட்டியை மூடி வைக்கலாம், அவ்வளவு பெரியது. அது எந்தச் சட்டைப் பையிலும் அடங்காததால் டெய்லரிடம் சொல்லி நெஞ்சிலிருந்து தொப்புள் வரை ஒரே பையாகத் தைத்துக்கொண்டார். குனிந்து செருப்பைக் கழற்றும்போது போன் முதலில் வீட்டுக்குள் போகும், பிறகு அவர் போவார்.

எனக்கு அப்போது முப்பத்துநாலு வயது. உத்தமபாளையத்தில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். பகலெல்லாம் விவாகரத்து மனு அடிப்பேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்து எனக்குப் பெண் பார்க்கும் பேச்சைக் கேட்பேன். என்னோடு படித்தவர்கள் பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே இதையெல்லாம் நானே கிண்டலாகச் சொல்லிச் சிரிப்பேன். உள்ளுக்குள், வேலை முடிந்து வந்தால் இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்க ஒரு ஆள் வேண்டும் என்று ஏங்கிக்கிடந்தேன். ஏழு தரகர்கள் கைவிட்ட பிறகு அம்மா கூட்டி வந்த எட்டாவது ஆள்தான் அகலத்திரை அண்ணன்.

வந்ததும் என்னைப் பார்க்கவில்லை, என் படத்தைப் பார்த்தார். போனை ஒரு கை தூரத்தில் பிடித்தார், பிறகு மூக்கருகே கொண்டு வந்தார்.

"தம்பி, உங்க மூஞ்சி ஆறே முக்கால் இஞ்சுக்குத்தான் தாங்கும். அதுக்குக் கீழ போனா மூக்கு மட்டுந்தான் தெரியும்."

"அப்ப என்னண்ணே செய்யிறது?"

"அதுக்குத்தான நான் இருக்கேன்! சின்ன போன்ல ஒரு ஆளப் பாத்தா ரேசன் கார்டுல பாத்த மாதிரி இருக்கும். பெருசுல பாத்தா வீட்டுக்கே வந்துட்ட மாதிரி இருக்கும். கல்யாணம்னா எது வேணும், நீங்களே சொல்லுங்க."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பிரச்சினை சின்னமனூரில் வந்தது.

அங்கே ஒரு வீட்டில் அந்தப் பெரிய திரையில் என்னை முழு உருவமாகப் பார்த்து ஏகத்துக்கும் பிடித்துப்போய், நேரில் வரச் சொன்னார்கள். போனேன். பெண்ணின் அப்பா என்னை வரவேற்றுவிட்டு என் தோளுக்கு மேலாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ள பின்னால வாறாகளா?"

"நான்தாங்க மாப்பிள்ளை."

அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். அதற்கு வெகுநேரம் ஆகவில்லை. "போன்ல நல்ல ஒசரமா இருந்தீகளே" என்றார், நான் வழியில் எதையோ தொலைத்துவிட்டு வந்ததுபோல. நானும் அண்ணனும் கேசரி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

அடுத்தது உத்தமபாளையத்தில். பெண்ணின் பெரியப்பா அந்தப் போனைத் திருநீற்றுத் தட்டை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினார். வேறு வழியில்லை, ஒரு கையில் அது நிற்காது. இரண்டு கையால் பிடித்தால் கட்டைவிரல் திரைமேல்தான் விழும். அவருடைய கட்டைவிரல் விழுந்தது, தேய்த்தது, நான் போய் எனக்கு அடுத்த படத்திலிருந்த பெரியகுளத்து வாத்தியார் வந்து நின்றார். அதற்குள் போன் கூடத்தில் இருந்த பதினாலு பேர் கையிலும் சுற்றிவிட்டது. எல்லோருக்கும் பூரண சம்மதம். அண்ணனுக்கோ அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம், திரையைப் பார்க்காமலே "அப்ப முடிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். விஷயம் தெரியும்போது வாத்தியாருக்கும் பெண்ணைப் பிடித்துப்போயிருந்தது. அந்தக் கல்யாணத்துக்கு நான் போனேன். முதல் பந்தியிலேயே சாப்பிட்டேன். பாயசம் நன்றாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து அண்ணனுக்கு நிலைகொள்ளவில்லை. பெரியது நல்லதா, சின்னது நல்லதா என்கிற கேள்வி அவரைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தது. கடை கடையாக ஏறி இறங்கினார். கடைக்காரர்கள் எல்லாரும் பேட்டரி, கேமரா என்று ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். அவருடைய சோதனைகளே வேறு. ஒரு கையால் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மாப்பிள்ளையைக் காட்ட முடியுமா? மடித்துக் கட்டிய வேட்டியில் செருகினால் வேட்டி நிற்குமா? வெயிலில் பெண்ணின் நிறம் மாறுமா? கடைக்குள்ளேயே வேட்டியை மடித்துக் கட்டி, போனைச் செருகி, நாலு தடவை உட்கார்ந்து எழுந்து பார்ப்பார். கடைப் பெண்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்கள்.

நடுவே மடக்குப் போன் ஒன்றின்மேல் ஆசை வந்தது. மடித்தால் பைக்குள் அடங்கும், விரித்தால் அகலத்திரை. இரண்டு பிரச்சினையும் ஒரே நாளில் தீர்ந்தது என்று கூத்தாடினார். தெரிந்தவர் ஒருவரிடம் இரண்டு நாளைக்கு இரவல் வாங்கி வந்து என் படத்தைப் போட்டுப் பார்த்தார். மடிப்பு விழுகிற இடத்தில், என் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் லேசாக ஒரு கோடு தெரிந்தது.

"அருவா வெட்டு மாதிரி இருக்கு தம்பி. பொண்ணு வீட்டுல பயந்துருவாக" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடைசியில் உள்ளங்கைக்குள் மறைகிற ஒரு குட்டிப் போனுக்கு மாறினார். எனக்குச் சனி பிடித்தது அன்றைக்குத்தான். சரியாகச் சொன்னால், செவ்வாய்.

எங்கள் பக்கத்தில் அசல் ஜாதகத்தை யாரும் எடுத்த எடுப்பில் கொடுக்க மாட்டார்கள். முதல் சுற்று முழுக்கப் போனில் எடுத்த படம்தான். ஜாதகத்தில் ராசிக் கட்டம் ஒன்று, அம்சக் கட்டம் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தோஷம் பார்ப்பது ராசிக் கட்டத்தில். கட்டத்தின் நடுவில் எது எது என்று எழுதியிருக்கும். என் அம்மா மங்கலமாக இருக்கட்டும் என்று நாலு மூலையோடு நிறுத்தாமல், சரியாக அந்த எழுத்துகளின் மேலேயே மஞ்சளை அப்பி வைத்திருந்தார்.

போடியில் பெண்ணின் தாய்மாமா கொஞ்சம் ஜோசியம் தெரிந்தவர். குட்டிப் போனில் இரண்டு கட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. விரலால் பெரிதாக்கினார். ஒரு கட்டம் மட்டும் திரையில் வந்து நின்றது. அது அம்சக் கட்டம். அதை ராசிக் கட்டமாக நினைத்து விரல்விட்டு எண்ணியவர், "எட்டுல செவ்வா!" என்று போனைக் கீழே வைத்தார். அண்ணனும் திரையில் தெரிந்ததைத்தான் பார்த்தார். அவருக்கும் அந்த நேரத்தில் பொறி தட்டவில்லை.

செய்தி என்னைவிட வேகமாக ஊர் ஊராகப் போனது. ஒரு வாரத்தில் வீரபாண்டியில் டீக்கடைக்காரர் என்னிடம் அனுதாபமாகப் பேசினார். வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு வரன்களும் நின்றன. அம்மா சாப்பாட்டைத் தட்டில் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவார். எனக்கு அண்ணன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவருடைய குட்டிப் போனை வைகை அணையில் எறிவதாக இரண்டு தடவை சொன்னேன்.

மூன்றாவது தடவை சொல்ல வாயெடுத்தபோது அவரே வந்து நின்றார். கையில் புதிய போன். பழையதைவிடப் பெரியது. எங்கே பிடித்தாரோ தெரியாது. அதில் என் ஜாதகம் முழுசாகத் தெரிந்தது, இரண்டு கட்டமும் அக்கம்பக்கமாக.

"தம்பி, பாத்தீகளா? ராசியில செவ்வா பதினொண்ணுல இருக்காரு! எட்டுல இருக்கிறது அம்சத்துல! தப்பு எம்மேலதான். சின்னத நம்பி மோசம் போயிட்டேன். எந்த வாயெல்லாம் தோசம்னுச்சோ அந்த வாயாலயே இல்லன்னு சொல்ல வைக்கலைன்னா நான் இந்தத் தொழில விட்டுர்றேன்."

அதன்பிறகு மனிதர் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வேறு எந்த வரனையும் பார்க்கவில்லை. போடி, சின்னமனூர், கோம்பை என்று மொபெட்டில் சுற்றி, தெரிந்த வீடு தெரியாத வீடு பார்க்காமல் ஏறி என் கிரகங்களைக் காட்டினார். டீக்கடையில் காட்டினார். பஸ்ஸில் கண்டக்டரிடம் காட்டினார், அவருக்கு ஏற்கெனவே கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். ஒரு மாதத்துக்குப் பிறகு கம்பத்தில் ஒரு வீட்டில் மட்டும் "சரி, மாப்பிள்ளையோட வாங்க, பாப்போம்" என்றார்கள்.

பெண் பெயர் மகேஸ்வரி. திசு வாழைக் கன்று வளர்க்கிற ஒரு லேபில் வேலை. அப்பா திராட்சை விவசாயி. ஆனி மாதம், ஆளைத் தள்ளுகிற காற்று. கரண்ட் இல்லாததால் சிமெண்ட் பூசிய வாசலிலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் கதவுக்குப் பின்னால் ஒளியாமல் நிலைப்படியிலேயே நின்றாள். எனக்கு அவளைப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. இதுவும் போனால் இனி நான் எங்கேயும் போய் உட்காரப் போவதில்லை என்று அந்த நாற்காலியில் வைத்தே முடிவு செய்தேன்.

"செவ்வா இருக்குன்னு போடியில சொன்னாகளே?" என்றார் அவள் அப்பா.

அண்ணனுக்கு இந்த ஒரு கேள்விதான் வேண்டும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியட்டும் என்று பிளாஸ்டிக் சேரில் ஏறி, போனை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். கம்பம் காற்றுக்கு அவ்வளவு அகலமான பொருளைக் காட்டலாமா? சேர் ஆடியது, அண்ணன் ஆடினார், போன் துவைக்கிற கல்மேல் போய் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் கரி பூசிய மாதிரி ஒரே கறுப்பு.

நான் அவசரமாக என் போனை எடுத்து நீட்டினேன்.

"அத உள்ள வைங்க தம்பி! சின்னதாலதான் இவ்வளவும்" என்று சீறினார்.

பிறகு வாசலைச் சுற்றிப் பார்த்தார். ஒரு செங்கல் துண்டை எடுத்தார். முட்டி போட்டு உட்கார்ந்து, சிமெண்ட் தரையில் ஆள் படுக்கிற அகலத்துக்குப் பன்னிரண்டு கட்டம் போட்டார். பக்கத்திலேயே இன்னொரு பன்னிரண்டு. "ஆத்தா, காய்க் கூடையக் கொஞ்சம் குடுங்க" என்றார் பெண்ணின் அம்மாவிடம். கத்தரிக்காய் சனியாகப் போய் உட்கார்ந்தது. எலுமிச்சம்பழம் குரு. பூண்டு சந்திரன். ஒரு முருங்கைக்காயை இரண்டாக ஒடித்து ராகுவும் கேதுவுமாக எதிரெதிரே வைத்தார். அம்சத்துக்குக் காய் பற்றாமல் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. பக்கத்து வீடே கூட வந்தது. தெருவே சுற்றி நிற்க, கட்டத்துக்குக் கட்டம் முட்டியாலேயே தவழ்ந்து என் கிரகங்கள் அத்தனையையும் அவர் மனப்பாடமாக வைத்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

கடைசியாக ராசிக் கட்டத்தின் மேல்வரிசையில், வலது மூலையிலிருந்த மிதுனத்தில் ஒரு தக்காளியை வைத்தார். "இந்தா இருக்காரு செவ்வா. பதினொண்ணு! இப்பச் சொல்லுங்க!"

யாரும் சொல்வதற்குள் ஒரு காற்று வந்தது. தக்காளி மெல்ல அசைந்தது. ரிஷபத்தில் உருண்டது, மேஷத்தைத் தாண்டியது, இடது மூலையில் மீனத்தில் போய் நின்றது. அதுதான் எட்டாம் வீடு.

கூட்டம் மூச்சை இழுத்தது. "பாத்தீகளா, அதுவாவே போயி ஒக்காந்துருச்சு!" என்றார் அவள் அப்பா, எழுந்தே நின்றுவிட்டார். அண்ணன் முட்டி போட்டபடியே கட்டங்களை முதலிலிருந்து விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். நான் செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.

மகேஸ்வரி நிலைப்படியிலிருந்து இறங்கி வந்தாள். எட்டாம் வீட்டில் கிடந்த தக்காளியை எடுத்தாள். முந்தானையில் துடைத்து, மிதுனத்தில் கொண்டுபோய் வைத்தாள். உருளாமல் இருக்க ஒரு கல்லைப் பொறுக்கி முட்டுக் கொடுத்தாள்.

"வாசல் சரிவா இருக்குப்பா" என்றாள். "அதுக்கு அவுக என்ன செய்வாக?"

ஆவணியில் எங்கள் கல்யாணம் நடந்தது.

அதற்குப் பிறகும் அண்ணன் போன் மாற்றுவதை நிறுத்தவில்லை. எது நல்லது என்கிற முடிவுக்கு இன்றுவரை வரவும் இல்லை. போன வாரம்கூட வந்து, என் புதுப் போனை வாங்கிப் பார்த்து, நாலு குறை சொல்லி என்னைக் கலவரப்படுத்திவிட்டுப் போனார்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் மகேஸ்வரி கேட்டாள். "அன்னைக்கு அண்ணன் முட்டியெல்லாம் தோலுரிஞ்சு வேட்டியில ரத்தம் கசிஞ்சிருந்துச்சே, பாத்தீகளா?"

நான் பார்க்கவில்லை. நான் தக்காளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. இருந்திருந்தாலும் எனக்காக அவ்வளவு தூரம் தவழ்ந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.