பெயர் எழுதாத பிள்ளை

பெட்டியைத் திறந்தால் வழக்கம்போலப் பல்வலி, பேன், பரீட்சைப் பயம் என்றுதான் இருக்கும் என்று நினைத்தாள் ஆனந்தி டீச்சர். உடம்புக்கும் மனசுக்கும் என்ன நோவு என்று பெயர் போடாமல் பிள்ளைகள் எழுதிப் போட, பள்ளிவாசல் ஊருக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூட வராந்தாவில் அவள்தான் அதை மாட்டியிருந்தாள். வயதை மட்டும் எழுதினால் போதும். மூன்றாவது வாரம் கோணல் எழுத்தில் ஒரு சீட்டு வந்தது.

"வயசு 14. கொழுந்துக் கூடையோட மேடு ஏறினா மூச்சு வாங்குது. நெஞ்சுக்குள்ள பூனை கத்துது. வெளிய சொல்லிராதீக."

ஆனந்தி சீட்டை இரண்டு தடவை படித்தாள். இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறது? ஏதோ ஒரு வீட்டில் ரகசியமாக ஒரு குழந்தையை வதைக்கிறார்கள். கண்டுபிடிக்காவிட்டால் ஒருநாள் அது மூச்சு நின்று விழும், அந்தப் பாவம் தன் தலையில்தான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

மறுநாளே எட்டாம் வகுப்பு மொத்தத்தையும் பள்ளிக்கூடப் படிக்கட்டில் ஏறி இறங்கி ஓடவிட்டாள். யாருக்கு மூச்சு வாங்குகிறதோ அதுதான் அந்தப் பிள்ளை. முப்பத்தோரு பேருக்கும் வாங்கியது. சதீஷ் என்பவன் வாந்தி எடுத்தான். கூடவே ஓடிய டீச்சருக்குத்தான் எல்லாரையும்விட அதிகம் வாங்கியது. சாயங்காலம் அப்பாமார் இரண்டு பேர் வந்து ஹெட்மாஸ்டர் குருசாமியிடம் சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஆனந்தி விடவில்லை. எந்த டாக்டரிடம் காட்டினாய் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டினாள். இரண்டே நாளில் பதில் வந்தது.

"எஸ்டேட் டிஸ்பென்சரிலதான். கம்பவுண்டர் செவப்புத் தண்ணி குடுத்தாரு. நோவு கேக்கல."

அந்த டிஸ்பென்சரியை மூடி இருபது வருடம் ஆகிறது. சந்தேகம் தீர, குருசாமியையும் கூட்டிக்கொண்டு பட்டப்பகலில் போய்ப் பார்த்தாள். கூரை இல்லை. மருந்து கொடுக்கிற ஜன்னல் வழியாக மூடுபனி மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. கம்பவுண்டர் செத்தே பன்னிரண்டு வருடம் என்றார் குருசாமி. சொல்லிவிட்டு அவளுக்கு முன்னால் திரும்பி நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"டீச்சர், இது உசுரோட இருக்க பிள்ளை எழுதுனது இல்ல," என்றார், ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு.

அவர் ரகசியமாகச் சொன்னது சாயங்காலத்துக்குள் தொழிலாளர் லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் எட்டிவிட்டது. மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்கள் கடைசி பெஞ்சை யாருக்கோ ஒழித்துவிட்டு, முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஆனந்தி எல்லா நோட்டுகளையும் வாங்கி எழுத்தை ஒப்பிட்டாள். நாலு பேருக்கு மாரீஸ்வரி ஒருத்தியே வீட்டுப்பாடம் எழுதித் தருகிறாள் என்பதுதான் தெரியவந்தது.

குருசாமி தன் பங்குக்குப் பெட்டியில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டினார். அதோடு பிள்ளைகள் அந்தப் பக்கமே வருவதை நிறுத்தினார்கள். பள்ளிக்கூடச் சமையற்கார மூக்கம்மாள் மட்டும் சோறு வடித்த கையோடு வந்து பெட்டியைத் தூசி தட்டிவிட்டுப் போவாள். ஐம்பது தாண்டியவள், பேய்க்குப் பயப்பட நேரமில்லாதவள்.

பிள்ளைகளின் சீட்டு நின்றது. அந்த ஒரு கோணல் எழுத்து மட்டும் நிற்கவில்லை.

"என் வைத்தியத்துக்கு ஆட்டை வித்துட்டாக. அப்பாவுக்குப் பத்து நாள் வேலை போச்சு. இனிமே தம்பி மட்டும் படிக்கட்டும்னுட்டாக. நான் நல்லாப் படிப்பேன் டீச்சர்."

ஆனந்தி அதைப் படித்துவிட்டு அழுதாள். பேயோ பிள்ளையோ, அதைத் தனியாக விடுவதில்லை என்று முடிவு செய்தாள். துணைக்குக் கூப்பிடலாம் என்றால் குருசாமி காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம், வராந்தாவை ஒட்டிய ஸ்டோர் ரூமில் கதவைக் கொஞ்சமாகத் திறந்துவைத்து உட்கார்ந்தாள். மணி இரண்டு இருக்கும். மூடுபனி வராந்தாவுக்குள் ஏறி, பெட்டி மாட்டிய சுவரே மறைந்துபோனது. காலடிச் சத்தம் இல்லை. மூச்சுத்தான் முதலில் கேட்டது. இழுத்து இழுத்து, நடுவில் மெலிதாக ஒரு விசில். பிறகு பனிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் நீண்டு பெட்டியின் வாயைத் தடவியது.

ஆனந்தி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். சூடாக இருந்தது. சாம்பார் மணந்தது.

மூக்கம்மாள் திமிறவில்லை. மடித்த சீட்டைச் சேலைக்குள் ஒளிக்கப் பார்த்து, முடியாமல் டீச்சரிடமே கொடுத்தாள். அதிலும் வயது பதினாலு.

"ஏன்க்கா, பதினாலு வயசுன்னு பொய்யா எழுதி இத்தனை பேரைப் பயமுறுத்திட்டீங்களே," என்றாள் ஆனந்தி. கோபம் பாதி, நிம்மதி பாதி.

மூச்சு அடங்கும்வரை மூக்கம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பொய் இல்ல டீச்சர். நோவு வந்தது பதினாலு வயசுல. என்னன்னு ஒருத்தர் கேட்டது இந்த மாசந்தான்."