வெறும் வயிற்றில் வரவும்

“வாய்ப்புற்றுநோய் – ரத்தக் கொழுப்பு ஆய்வு. நாளைக் காலை ஒன்பது மணிக்கு வெறும் வயிற்றில் வரவும்.”

தென்காசி ஆஸ்பத்திரிச் சிப்பந்தி ஆபீசில் கொடுத்துவிட்டுப் போன சீட்டை நாறும்பூநாதன் நாலாவது தடவையாகப் படித்தார். வாயில் அடக்கியிருந்த புகையிலை அப்படியே தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், எழுபத்தாறு சீசனில், குற்றால அருவிக்கடியில் நின்று, இனி புகையிலையைத் தொடுவதில்லை என்று மனைவி செண்பகவல்லி தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர் அவர். அன்றிலிருந்து ஆபீசில் மட்டும்தான் போடுகிறார், டைப்ரைட்டர் உறைக்குள் ஒளித்து வைத்து. அது டாக்டருக்கு எப்படித் தெரிந்தது?

“அந்த வியாதி வந்தா ரத்தத்துல கொழுப்பு குறைஞ்சிருமாம்வே. பேப்பர்ல பாத்தேன்” என்றார் ஹெட்கிளார்க் அய்யாக்குட்டி.

“அப்ப கொழுப்பைக் கூட்டிட்டா?”

“வியாதி இல்லன்னு எழுதிருவாம்லா!”

அய்யாக்குட்டிக்குத் தெரியாத விஷயமே கிடையாது. எல்லாமே அரைகுறையாகத் தெரியும்.

சாயங்காலமே நாறும்பூநாதன் செங்கோட்டைக்கு பஸ் ஏறினார். பரம்பரைச் சைவர், அங்கே ஒரு பரோட்டாக் கடையில் எண்ணெய் மிதக்கும் கோழிக்குழம்போடு எட்டு பரோட்டாவைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்கினார். மூன்றாவதிலேயே கண் திறந்துவிட்டது. அவ்வளவு ருசி!

விடிந்ததும் சந்தேகம் வந்தது. அது போதாவிட்டால்? அடுக்களைக்குள் நுழைந்து, முக்கால் டம்ளர் நெய்யை உருக்கிக் குடித்தார்.

வாயைத் துடைப்பதற்குள் செண்பகவல்லி ஓடிவந்தாள். கையில் அவர் சட்டைப்பையில் இருந்த சீட்டு.

“கூப்பிட்டுட்டாங்களா! ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இருங்க, நானும் வாரேன்!”

பட்டுச்சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள். புருஷனுக்குப் புற்றுநோய் என்றதும் பட்டு கட்டுகிறவளை என்னவென்று சொல்வது? அவருக்கு வயிறு எரிந்தது. நெய் வேறு உள்ளே புரண்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தங்கபுஷ்பம் ரத்தம் எடுத்தாள். அரை மணி கழித்துக் குழாயைத் தூக்கிப் பார்த்தவள் கத்தியேவிட்டாள்.

“டாக்டர், இங்கன வந்து பாருங்க! மேல தெளிஞ்சது பால் மாதிரி நிக்குது!”

அது கோழிக்குழம்பும் நெய்யும் செய்த வேலை என்று நாறும்பூநாதனுக்குத் தோன்றவில்லை. முற்றித்தான் போய்விட்டது! பொய்யோடு சாக அவருக்கு மனம் வரவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“செண்பகம், என்னை மன்னிச்சிரு! ஆறு வருஷமா ஆபீசுல புகையிலை போடுதேன். நேத்து கோழி தின்னேன். காலையில உன் நெய்யையும் குடிச்சிட்டேன். இந்த வியாதி எனக்கு வேணும்!”

செண்பகவல்லியின் முகம் கட்டியிருந்த அரக்குப் பட்டைவிடச் சிவந்தது.

தங்கபுஷ்பம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“வியாதியா? யாருக்கு அண்ணாச்சி? நோயாளிகளோட ஒப்பிட்டுப் பாக்கதுக்குப் புகையிலையே தொடாத ஆளு வேணும்னு தெருத்தெருவாக் கேட்டு வந்தோம். ‘எங்க வீட்டுக்காரரை எழுதிக்கோங்க’ன்னு முதல் ஆளா உங்க பேரைக் குடுத்ததே இந்த அக்காதான்!”