அக்காவுக்கு ஊர் காட்டியது

"தெரியுதாக்கா?"

"தெரியுது, தெரியுது. என்ன தெரியுதுன்னு நீ சொல்லு."

மதிப்பீட்டாளர் செல்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். சதுக்கத்தின் நடுவே கிறிஸ்துமஸ் மரம் நின்றது. அதைச் சுற்றிக் கயிறு, கயிற்றைச் சுற்றிக் கூட்டம். மறுநாள் காலை மரத்தைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். இன்றைக்கு விட்டால் அடுத்த டிசம்பர்தான்.

இந்தப் பெருநகரத்தைக் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அக்காவின் வெகுநாள் ஆசை. ஒரு வருடம் பிள்ளைக்குப் பரீட்சை, மறுவருடம் மாமியாருக்கு நோவு. இந்த வருடம் டிக்கெட்டே எடுத்தாயிற்று. கிளம்ப ஒரு வாரம் இருக்கையில் அத்தான் கூப்பிட்டு, "உங்கக்காவுக்குக் கால் சுளுக்கிக்கிச்சு மாப்பிள்ளை, படுத்திருக்கா" என்றார். அக்கா வர முடியாத ஊரை அக்காவிடமே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தம்பியான மதிப்பீட்டாளர் முடிவு செய்தார். அழைத்தார். அத்தான் எடுத்து, அக்கா கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

திரையில் அக்காவின் முகம் இல்லை. வெள்ளைக் கூரையும் குழல்விளக்கில் ஒரு பாதியும்தான் தெரிந்தன. அக்கா எப்போதுமே இப்படித்தான் பிடிப்பாள். போன மாதம் முழுக்க ஒரு காது மட்டும் பேசியது.

"உன் முகத்தைக் காட்டேன்."

"என் மூஞ்சியை நீ பார்த்ததில்லையா? ஊரைக் காட்டுடா."

"காட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்!"

"படம் விட்டு விட்டு வருது. வாயால சொல்லேன், முத்தா உதிர்ந்துடும்?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளர் வேலை அவருக்கு. எரிந்த கிடங்கு, நசுங்கிய கார், வெள்ளம் புகுந்த கடை என்று எதுவானாலும் நேரில் போய்ப் பார்த்து நாலு வரியில் எழுதிக் கொடுப்பார். ஐந்தாவது வரி எழுதிப் பழக்கமில்லை.

"மரம் ஒண்ணு. மூணு மாடி உயரம் இருக்கும். விளக்கு போட்டிருக்காங்க. வடக்குப் பக்கம் லேசா சாய்ஞ்சிருக்கு. மத்தபடி சேதம் எதுவுமில்லை."

"டேய், மரம் செத்துப்போச்சா? போஸ்ட்மார்ட்டம் மாதிரி சொல்றே!"

பக்கத்தில் கேக் பெட்டியோடு நின்ற மனைவி சிரித்தாள். "அண்ணி, இவர் எங்க கல்யாணத்தையே அப்படித்தான் சொல்வார். மண்டபம் ஒண்ணு, ஆள் முந்நூறு, தீ விபத்து எதுவுமில்லைன்னு."

மதிப்பீட்டாளருக்குச் சுருக்கென்றது. படம் சரியாகப் போனால் பேச்சுக்கு ஏது வேலை? கேமராவின் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்தார். சற்று முன்புதான் அந்த விரல் கேக்கின் ஓரத்தை ருசி பார்த்திருந்தது. இப்போது மரம் பனிமூட்டத்துக்குள் நின்றது. பனியை மனைவியின் புதுத் துப்பட்டாவால் துடைத்தார்.

"என்னங்க! இன்னைக்குத்தான் முதல் தடவை போட்டிருக்கேன்!"

"அக்கா, இப்போ?"

"அதேதான். நீ சொல்லு."

கூட்டம்தான் மறைக்கிறது என்று தோன்றியது. கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். காவலாளி ஓடி வந்தார்.

"சார், கயிறு எதுக்குக் கட்டியிருக்கோம், துணி காயப்போடவா?"

"எங்க அக்கா. காலு சுளுக்கு. வர முடியலை. ஒரே ஒரு நிமிஷம்."

காவலாளிக்கும் எங்கோ ஓர் அக்கா இருந்திருக்க வேண்டும். செல்பேசிக்குள் எட்டிப் பார்த்து, கூரையைக் கண்டு, "வணக்கம்மா, நல்லா தெரியுதா?" என்றார்.

"உங்க புண்ணியத்துல தெரியுது தம்பி."

அதற்குள் கயிற்றுக்கு வெளியே சலசலப்பு. "அவரை மட்டும் விட்டீங்க, நாங்க என்ன இளிச்சவாயனுங்களா?" முதலில் ஒரு குடும்பம் நுழைந்தது, பின்னால் ஒரு கும்பல். காவலாளி வெலவெலத்துப்போனார். இத்தனைக்கும் காரணமான ஆளை முதலில் கண்மறைவாக்க வேண்டுமென்று, மரத்துக்குப் பின்னால் இருந்த மரப்படிகளைக் காட்டினார்.

"மேல் படிக்குப் போய் நில்லுங்க சார். யார் கண்ணுலயும் பட மாட்டீங்க. ஊரே தெரியும்."

ஊர் தெரிந்தது உண்மைதான். ஆனால் அவர் ஏறி நின்ற கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டிலிருந்து வெள்ளை அங்கி போட்ட பாடகர் குழு வரிசையாக வந்து, அவருக்கு முன்னாலும் இரு பக்கமும் நிறைந்து நின்றது. இறங்க வழியில்லை. பக்கத்து அம்மாள் அவர் கையில் ஒரு மெழுகுவர்த்தியைத் திணித்தாள்.

"புதுசா வந்திருக்கீங்களா? அங்கி எங்கே?"

"நான் மதிப்பீடு செய்யறவன்."

"போட்டின்னு யாரும் சொல்லவே இல்லையே!" என்று அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

பாட்டு தொடங்கியது. இத்தனை குரல்களுக்கு நடுவில் அக்காவின் குரல் கொசுவாக ஒலித்தது. "ஒண்ணும் கேக்கலைடா! சத்தமா சொல்லு! மேலேயிருந்து என்ன தெரியுது?"

அவர் பார்த்தார். ஒன்பது வருடமாக இதே சதுக்கத்தைக் குறுக்கே கடந்துதான் அலுவலகம் போகிறார். போகிற வழியில் நடைபாதை விரிசலைத்தான் பார்த்திருக்கிறார்.

"அக்கா, மரம் முழுக்க மஞ்சள் விளக்கு. ஒரே மஞ்சள் இல்லை. கீழே எலுமிச்சம்பழ மஞ்சள், மேலே போகப் போகப் பழுத்த மாம்பழம். மழை விட்டுத் தரையெல்லாம் ஈரம். அதனால இன்னொரு மரம் தலைகீழா உள்ளே நிக்குது. ஜனங்க அது மேல நடந்து போறாங்க. ஒரு குழந்தை மட்டும் மிதிக்க மனசில்லாம சுத்திப் போகுது!"

"அப்புறம்?"

"அப்பன் தோள்ல ஒரு பொண்ணு. பலூனை விட்டுட்டா. அவ அழலை, அப்பன்தான் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டான்!"

"அப்புறம்டா?"

குரலை இன்னும் உயர்த்தினார். அந்தக் கணம் பார்த்துப் பாட்டு முடிந்தது. நிசப்தமான சதுக்கத்தில் அவர் குரல் மட்டும் முழங்கியது.

"கீழே என் பொண்டாட்டி நிக்கிறா! கேக் பெட்டியைக் கட்டிக்கிட்டு என்னை முறைக்கிறா! குளிர்ல மூக்கு சிவந்துபோச்சு! கூட்டத்துலயே அவதான் அழகு!"

பாடகர் குழுவை நடத்திய அம்மாள் கோலைத் தூக்கியபடியே திரும்பினாள். கூட்டம் ஒரு நொடி திகைத்தது. பிறகு கைதட்டல் சதுக்கத்தை நிறைத்தது. மனைவி கேக் பெட்டியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். பெட்டிக்குப் பின்னால் தோள்கள் குலுங்கின. சிரிப்பா, அழுகையா என்று அத்தனை உயரத்திலிருந்து மதிப்பிட முடியவில்லை.

அவர் செல்பேசியை ஒரு உலுக்கு உலுக்கினார்.

"அக்கா? லைன்ல இருக்கியா? இப்பவாவது படம் சரியா வருதா?"

"வருதுடா. இப்பதான்டா நல்லா தெரியுது. கண்ணுக்குள்ளேயே நிக்குது."

அவருக்கு அப்பாடா என்றிருந்தது. கடைசியில் உயரம்தான் விஷயம், முதலிலேயே ஏறியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார். மறுமுனையில் கதவு திறக்கும் ஓசையும், தள்ளுவண்டிச் சக்கரத்தின் கிறீச்சும் கேட்டன. கூரைக்குக் குறுக்கே ஒரு வெள்ளைத் தொப்பி வந்தது.

"ஏம்மா, ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன் பண்ணிக் கட்டுப் போட்டிருக்கு, அசையாம படுங்கன்னா, யாருக்கும்மா வீடியோ கால்?"