அக்காவுக்கு நாற்பது நிமிடம்

ஆக்லாந்தை விட்டு வெளியே கால் வைக்காமலேயே பாரிஸ் முழுவதும் நடந்து கால் வலி கண்ட முதல் மனிதர் எங்கள் டைம்டேபிள் அண்ணன்தான். இரண்டாவது மனிதன் நான்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஆக்லாந்தின் எல்லர்ஸ்லி பகுதி அலுவலகத்தில் அவர் மேஜை எனக்கு எதிரே. யாழ்ப்பாணத்துக்காரர். டீ குடிக்கக்கூட நேரம் எழுதி வைத்திருப்பார். பாரிஸ் போக லீவு கேட்டார். கிடைத்ததில் பயண நேரம் போக மிச்சம் ஐந்தே நாள்.

"தம்பி, இது இருபது வருசக் கனவு. இந்த அஞ்சு நாளிலை பாக்காட்டி இனி எப்ப?"

அட்டவணை தயாரானது. கூடவே ஒத்திகையும். ஈபிள் கோபுரத்துக்காக மதிய இடைவேளையில் அலுவலக மாடிப்படியில் ஏறி இறங்கினோம். "நான் எதுக்கு அண்ணே?" என்று கேட்டேன்.

"கூட்டத்துக்கு ஆள் வேணும்" என்றார்.

சனிக்கிழமைகளில் பக்குரங்கா பிளாசா என்ற கடைத்தொகுதிதான் எங்களுக்கு லூவர் அருங்காட்சியகம். கறிக்கடை முன்னால் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மோனலிசா. ரெண்டு நிமிசம். வடிவாப் பாருங்கோ."

"அண்ணே, ஆட்டுத்தொடை தொங்குது."

"கதையாதேங்கோ. ஒரு நிமிசம் முடிஞ்சுது."

கடைக்காரர் எங்களையே முறைத்துக்கொண்டிருந்தார். மரியாதைக்கு அரைக்கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

நோத்ர்தாம் தேவாலயம், வெற்றி வளைவு, சேன் நதியில் படகு எல்லாவற்றுக்கும் நிமிடக் கணக்கு. முதல் நாள் காலையில் மட்டும் 'அக்கா வீடு, 40 நிமிடம், தேத்தண்ணி மட்டும்' என்று இருந்தது. அகதியாக பிரான்ஸ் போன அக்காவை அவர் பார்த்து இருபத்து மூன்று வருடம்.

"சொந்த அக்காவுக்கு நாப்பது நிமிஷமா அண்ணே?"

"கூடநேரம் இருந்தா பாரிஸ் போச்சு தம்பி. சாப்பாடு தந்தே ஆளை இருத்திப் போடுவினம்."

போனார். திரும்பி வந்த திங்கட்கிழமை அவர் மேஜைக்கே போய் நின்றேன்.

"ஈபிள் டவர்ல ஏறினீங்களா?"

"ஏறேல்லை."

"மோனலிசா?"

"இல்லை தம்பி."

"சேன் நதியாவது?"

"பிளேனுக்குள்ளை இருந்து ஏதோ ஒரு ஆறு தெரிஞ்சுது."

எனக்கு வந்ததே கோபம்! மூன்று மாதம் படியேறிய என் முழங்காலுக்கு யார் பதில் சொல்வது?

"அப்ப அஞ்சு நாளும் என்னதான் பண்ணீங்க?"

"அக்கா வீட்டிலையே தங்கிட்டன். ஒவ்வொரு நாளும் காலமை வெளிய போகச் சப்பாத்துப் போட்டனான் தம்பி. அக்கா 'சாப்பிட்டிட்டுப் போடா' எண்டுவா. சாப்பிட்டா, கதைப்பம். கதைச்சா, பொழுதுபட்டிடும். நாப்பது நிமிசம் முடிஞ்சுது எண்டு அவவிட்டை நான் எப்பிடிச் சொல்லுறது?"

போனை நீட்டினார். நூறு படத்துக்கு மேல் இருக்கும். அக்கா புட்டு அவிக்கிறார். அக்கா சிரிக்கிறார். 'படம் எடுக்காதே' என்று அக்கா அகப்பையை ஓங்குகிறார். மருந்துக்குக்கூட ஒரு கோபுரம் இல்லை. எந்தப் படம் எந்த நாள் எடுத்தது என்றுகூட அண்ணனுக்கு நினைவில்லை.

அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "முதல்லேருந்து காட்டுங்க அண்ணே" என்றேன்.