ஒரே பானத்துக்கு இரண்டு இயந்திரம்

மக்களாட்சி கிரேக்க நாட்டில் பிறந்தது என்று பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. பிறந்திருக்கலாம்; பிறப்பது எங்கே வேண்டுமானாலும் நடக்கும். ஆனால் அது வளர்ந்து, ஆளாகி, நாலு பேர் மதிக்கும்படி சபையில் உட்கார்ந்தது விஸ்கான்சின் மாநிலத்தில், நார்டால்-ஆல்டன்டார்ஃப் ஒருங்கிணைந்த பள்ளி வாரியத்தின் திங்கட்கிழமைக் கூட்டத்தில்தான். சந்தேகம் உள்ளவர்கள் வாரியத்தின் தீர்மானங்களை வாங்கிப் படித்துப் பார்க்கலாம். தூக்கம் வராதவர்களுக்கும் அவை நல்லது.

நார்டாலும் ஆல்டன்டார்ஃபும் ஒரு ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள ஊர்கள். மேற்கே நார்டாலில் நார்வேக்காரர்களின் பேரன் பேத்திகள். கிழக்கே ஆல்டன்டார்ஃபில் ஜெர்மானியர்களின் பேரன் பேத்திகள். மாட்டுப் பண்ணை, பாலாடைக்கட்டி, வெள்ளிக்கிழமை மீன் வறுவல், முழங்கால் பனி, எல்லாம் இருவருக்கும் பொது. பிள்ளைகள் குறைந்துபோனதால் பள்ளிக்கூடமும் பொதுவாகி, ஆல்டன்டார்ஃப் கட்டடத்துக்குப் போய்விட்டது. வித்தியாசம் ஒன்றே ஒன்று. டப்பாவைத் திறந்தால் 'புஸ்' என்று நுரைக்கும் இனிப்புத் தண்ணீரை நார்டாலில் 'பாப்' என்பார்கள். ஆல்டன்டார்ஃபில் 'சோடா' என்பார்கள். நம்மூரில் இதைக் 'கலர்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தோம். நமக்கு அவ்வளவு பொறுப்புணர்ச்சி கிடையாது.

ஆர்லீன் ட்வெய்ட் நார்டால்காரி. பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் வேலை. அவள் வாரியத் தேர்தலில் நின்றது ஒரே ஒரு காரணத்துக்காக: தண்ணீர். பள்ளிச் சாப்பாட்டு அறை வாசலில், பொத்தானை அமுக்கினால் தண்ணீர் மேலே பீறிட்டு வரும் தொட்டி ஒன்று சுவரில் பதித்திருந்தது. உள்ளே குழாய் மக்கி, தண்ணீர் காப்பி நிறத்தில் வர ஆரம்பித்ததும், கறுப்புக் குப்பைப் பை ஒன்றை அதன் தலையில் கவிழ்த்து 'தற்காலிகம்' என்று எழுதி ஒட்டினார்கள். அது வசந்த காலத்தில். இப்போது அடுத்த வருஷக் கோடையே முடிந்துவிட்டது. பக்கத்திலேயே குளிர்பான இயந்திரம் இருந்ததால் பிள்ளைகள் யாரும் தாகத்தால் சாகவில்லை. காலையிலும் பாப், மதியமும் பாப், விளையாடி முடித்தும் பாப். ஆர்லீனின் மகள் பிரிட்டா இரண்டாம் வகுப்பு. கடைவாய்ப் பற்கள் சொத்தை பிடித்து, ஆப்பிளைக் கடிக்க முடியாமல் அழுகிறாள்.

'பிள்ளைகளுக்குத் தண்ணீர்' என்று வீட்டு முன்னால் தேர்தல் பலகை நட்டு, ஆர்லீன் ஜெயித்தும் விட்டாள்.

முதல் கூட்டத்தில் தலைவர் நார்பர்ட் கெஸ்ஸனிக் அவளை அன்போடு வரவேற்றார். ஆல்டன்டார்ஃபில் டிராக்டர் விற்பவர். யார் மனதையும் நோகடிக்காதவர். "உங்க தண்ணி விஷயம் ரொம்ப முக்கியம் ஆர்லீன். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. இயந்திரத்து மேல 'சோடா'ன்னு எழுதியிருக்குல்ல, உங்க ஊர்ப் பெத்தவங்களுக்கு அது பிடிக்கலையாம். அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடலாம்."

"எழுதினதுல என்ன தப்பு?" என்றார் ஆல்டன்டார்ஃப்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் ஒருவர். "சோடாவை சோடான்னுதானே சொல்லணும்?"

ஆர்லீன் தண்ணீர் பற்றிப் பேசத்தான் எழுந்தாள். சத்தியமாக. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"சோடாங்கறது கேக் உப்பறதுக்குப் போடற மாவுங்க. அதையா எங்க பிள்ளைங்க குடிக்கும்?"

"பாப்புங்கறது பலூன் வெடிக்கற சத்தம்மா," என்றார் நார்பர்ட், மிகவும் தாழ்மையாக. "சத்தத்தை எப்படிக் குடிக்கறது?"

பிறகு நடந்தது மனித சிந்தனையின் மகத்தான மணி நேரங்களில் ஒன்று. தாத்தாக்கள் சாட்சிக்கு இழுக்கப்பட்டார்கள். ஓடைக்கு இரண்டு பக்கத்துக் கல்லறைகள் வரைக்கும் பேச்சு போனது. விடியற்காலையில் மாடு கறக்க வேண்டும் என்பதால் ஒன்பது மணிக்கு மேல் கூட்டம் நீளக் கூடாது என்பது வாரியத்தின் மாற்ற முடியாத விதி. ஒன்பது அடித்தது. தண்ணீர் அடுத்த கூட்டத்துக்கு 'மரியாதையுடன் ஒத்திவைக்கப்பட்டது'.

"தண்ணி வருமாம்மா?" என்று கேட்டாள் பிரிட்டா வீட்டில்.

"அடுத்த கூட்டத்துல வந்துடும்டி. இன்னைக்கு அம்மா எப்படிப் பேசினேன் தெரியுமா!"

அடுத்த கூட்டமும் போனது, அதற்கடுத்ததும். இந்த இழுபறியைப் பார்க்கப் பொறுக்காமல் தலைமையாசிரியர் டாலிவர் ஒரு நாள் கையைத் தூக்கினார். அவர் தெற்கே ஜார்ஜியாவிலிருந்து வேலைக்கு வந்தவர். பாவம், நல்ல மனிதர்.

"இதுக்கு ஏங்க இவ்வளவு வருத்தம்? எங்க பக்கத்துல எல்லாத்துக்கும் கோக்குன்னுதான் சொல்லுவோம். கடைக்குப் போய் 'ஒரு கோக் குடுங்க'ன்னு கேப்போம். 'எந்தக் கோக்?'னு கேப்பாங்க. 'ஆரஞ்சு'ம்போம். குடுத்துடுவாங்க. தகராறே வந்ததில்ல."

இரண்டு ஊர்க்காரர்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் நார்பர்ட், "அது... கொஞ்சம் வித்தியாசமா இருக்கு," என்றார். அந்த வட்டாரத்தில் ஒருவரைப் பார்த்து இதைவிடக் கடுமையாகத் திட்ட வழியில்லை. டாலிவர் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டார். பள்ளிகள் ஒன்றான பிறகு முதல் முறையாக இரண்டு ஊரும் ஒருமனதாக வாக்களித்தன, அவருக்கு எதிராக. ஆர்லீனும் நார்பர்ட்டும் கைகுலுக்கிக்கொண்டார்கள். கண் கலங்கியவர்களும் உண்டு.

அந்த ஒற்றுமையின் சூட்டிலேயே ஒரு துணைக்குழு அமைத்தார்கள். தலைவர், இரண்டு ஊருக்கும் பொதுவான பல் டாக்டர் வெண்டல் ஸ்கார். பொது நலத்துக்காக அவர் காட்டிய அக்கறையைச் சொல்லி முடியாது. "பேரு எதுவா வேணா இருக்கட்டும்," என்றார். "பேர்ச் சண்டையால பிள்ளைங்க குடிக்கறது மட்டும் நின்னுடக் கூடாது." பிறகு ஆர்லீன் பக்கம் குனிந்து, "வியாழக்கிழமை பிரிட்டாவைக் கூட்டிட்டு வாங்க. இன்னொரு பல்லும் போயிட்டிருக்கு," என்றார்.

துணைக்குழு பெரும் யோசனைக்குப் பின் ஒரு தீர்வோடு வந்தது. இரண்டு இயந்திரங்கள்! ஒன்றில் 'சோடா', மற்றதில் 'பாப்'. உள்ளே அதே டப்பாக்கள், அதே வரிசையில். இரண்டாவது இயந்திரத்தைக் குளிர்பான விநியோகஸ்தர் சும்மாவே கொடுப்பார். குழாயைத்தான் யாரும் சும்மா கொடுப்பதில்லை. தீர்மானத்தில், இயந்திரத்தை 'வாசல் சுவரோரம், மின்வசதி உள்ள ஒரே இடத்தில்' வைப்பது என்று ஒரு வரி வந்தது. ஆர்லீனின் காதில் 'பாப்' என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. முதலில் உயர்ந்த கை அவளுடையது.

திறப்பு விழாவுக்கு ரிப்பன் கட்டினார்கள். பள்ளிக்கூட வாத்தியக் குழு வாசித்தது. நீலப் பின்னணியில் ஆள் உயர எழுத்தில் 'பாப்' என்று மின்னியதைப் பார்த்து நார்டால் பெற்றோர் ஆர்ப்பரித்தார்கள். ஆர்லீனுக்கும் நெஞ்சு விம்மியது. அப்போதுதான் அவள் இயந்திரத்தின் பின்பக்கம் பார்த்தாள். சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில், நசுங்கிப்போன கறுப்புப் பையின் மூலை ஒன்று எட்டிப் பார்த்தது.

அடிப்பாவி, நானா கை தூக்கினேன்?

அன்று மாலைக் கூட்டத்துக்குப் பிரிட்டாவையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்த அவளை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"இன்னைக்கு நான் வேற எதுவும் பேச மாட்டேன். அந்த மெஷினை நகத்துங்க. பின்னாடி இருக்கற குழாயை மாத்துங்க. என் பொண்ணுக்குத் தண்ணி வேணும். அவ்வளவுதான்."

யாரும் எதிர்க்கவில்லை. எதிர்ப்பார்களா? நல்லவர்கள். நார்பர்ட் குழந்தையின் கன்னத்தைப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார். "இதை முதல்லயே செஞ்சிருக்கணும். என் மாப்பிள்ளை பிளம்பர்தான். நாளைக்குக் காலையிலயே வந்து பாத்துடுவான். எல்லாருக்கும் சம்மதம்தானே? சரி, எழுதிக்குங்க: பப்ளரைப் பழுது பார்ப்பது என்று..."

"எதை?" என்றாள் ஆர்லீன்.

"பப்ளரைத்தான்."

"டிரிங்கிங் ஃபவுண்டனைச் சொல்றீங்களா?"

"ஃபவுண்டனா?" நார்பர்ட் புன்னகைத்தார். "நடுவுல பொம்மை நின்னு, சுத்தித் தண்ணி தெளிச்சா அது ஃபவுண்டன். சுவத்துல இருந்தா பப்ளர். எங்கப்பா காலத்துலேர்ந்து பப்ளர்."

ஆர்லீன் வாயை மூடிக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் பட்ட பாட்டை வரலாறு மறக்கக் கூடாது. அவளுக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. பேசாமல் உட்கார்ந்தால் காலையில் பிளம்பர் வருவான், மதியம் தண்ணீர் வரும். பிரிட்டா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உட்காரு ஆர்லீன், என்ன எழவுப் பேரையோ வைத்துக்கொண்டு போகட்டும், உட்காரு. அவள் முழங்கால் பாதி மடங்கியும் விட்டது. அப்போது ஆல்டன்டார்ஃப் வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

"நார்டால் பிள்ளைங்க," என்று நிமிர்ந்தாள் ஆர்லீன், "செத்தாலும் பப்ளர்லேர்ந்து தண்ணி குடிக்காது!"

மேற்கு வரிசை எழுந்து நின்று கை தட்டியது. கிழக்கு வரிசை மேசையைத் தட்டியது. பெயர் முடிவாகாத ஒரு பொருளைப் பழுது பார்க்கத் தீர்மானம் போட முடியாது என்று நார்பர்ட் வருத்தத்தோடு விதியை எடுத்துச் சொன்னார். உடனே துணைக்குழு ஒன்று அமைந்தது. ஆர்லீன்தான் தலைவி என்று முன்மொழிந்தவர் நார்பர்ட். வழிமொழிந்தவர் டாக்டர் ஸ்கார். ஒருமனதாக நிறைவேறியது. ஒன்பதும் அடித்தது.

வெளியே வரும்போது பிரிட்டாவின் கையில் ஒரு டப்பா இருந்தது. வலிக்காத பக்கமாகத் தலையைச் சாய்த்து உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"தண்ணி வருமாம்மா?"

"வரும்டி கண்ணு. முதல்ல அதுக்கு ஒரு பேரு முடிவு பண்ணணும். அம்மாதான் தலைவி இப்போ."

குழந்தை இன்னொரு வாய் உறிஞ்சிக்கொண்டது.

"தாகத்துக்கு அவங்க ஊர்ல என்னம்மா பேரு?"

ஆர்லீன் கார் கதவைத் திறந்துவிட்டு, அதைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிரிட்டா வாரிய உறுப்பினர் அல்ல, கூட்டமும் முடிந்துவிட்டிருந்தது. ஆகவே அந்தக் கேள்வி எந்தத் தீர்மானத்திலும் ஏறவில்லை.