பிள்ளையார் தெரிந்தெடுத்த லப்டொப்

இந்தமுறை விட்டுக்கொடுப்பதில்லை என்று கேதீஸ்வரன் தீர்மானித்துவிட்டார்.

கரவெட்டியில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். கடையில் அவர் ஒரு சொல் சொன்னால் சீனி மூட்டைகூட நிமிர்ந்து நிற்கும். வீட்டுப் படலையைத் தாண்டினாரோ, அந்தச் சொல் செருப்போடு சேர்ந்து வாசலிலேயே நின்றுவிடும். தண்ணீர்ப் பம்பு மனைவி தயாளினி தெரிந்தெடுத்தது. மோட்டார்சைக்கிள் தயாளினி தெரிந்தெடுத்தது. அவர் போடுகிற சேட்டின் நிறமும் அவள் சொன்னதுதான். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவள் வாங்கிய சாமான் ஒன்றாவது இதுவரை பழுதாகித் தொலையவில்லை!

மகள் கஜானிக்குக் கம்பஸ் கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் கணினிப் படிப்பு. திங்கட்கிழமை வகுப்புத் தொடங்க முதல் லப்டொப் வேண்டும். கேதீஸ்வரனுக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. பம்பைப் பற்றித் தயாளினிக்குத் தெரியும், சரி. லப்டொப்பைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? சங்கக்கடையில் எல்லோருக்கும் முன்னால் மேசையில் தட்டிச் சொல்லியும்விட்டார்.

"இது முழுக்க முழுக்க என்ரை முடிவு. இருந்து பாருங்கோ!"

இனி மானப் பிரச்சினை. மனிதர் சோறு தண்ணி மறந்து யூரியூப்பிலேயே குடியிருந்தார். எத்தனை கொம்பனி, எத்தனை மொடல்! கடைசியில் நெல்லியடிக் கடைக்காரன் றெஜி காட்டிய ஒரு வெள்ளி நிற லப்டொப்பில் மனத்தைப் பறிகொடுத்தார். மெல்லிசு. பாரமே இல்லை. மூடியைத் திறந்தால் முகமெல்லாம் வெளிச்சம். விலை கொஞ்சம் கையைக் கடிக்கும்தான். கடித்தால் கடிக்கட்டும் என்று வீட்டுக்கு வந்து அறிவித்தார்.

"உது வேண்டாம்" என்றாள் தயாளினி. வெங்காயம் உரித்த கை நிற்கவேயில்லை.

"ஏன் வேண்டாம்?"

"விசாரிச்சனான்."

"ஆரிட்டை?"

"கம்பஸ் பிள்ளையள் இருக்கிற வீடுகளிலை. உந்த வெள்ளிக்காரனை எடுத்த தாய்மார், பழுதெண்டால் கொழும்புக்கு அனுப்பவேணும் எண்டு அழுகினம். றெஜியின்ரை கடையிலை அந்தக் கறுப்புப் பெட்டி கிடக்கெல்லே, அதுக்கு எல்லாச் சாமானும் நெல்லியடியிலையே இருக்கு. பற்றறி நிண்டு பிடிக்குதாம். ரெண்டு வருச உத்தரவாதம். விலையும் குறைவு."

"இஞ்சரும், இதென்ன மாப்பிளையே, வீடு வீடாய்ப் போய் விசாரிக்க?"

"மாப்பிளை பழுதெண்டாலும் சமாளிச்சு வைச்சிருக்கலாம். லப்டொப்பை அப்பிடி வைச்சிருக்கேலாது."

"அது செங்கல்லு மாதிரிக் கிடக்கு!"

"பிள்ளை படிக்கப் போகுதோ, பட்டம் விடப் போகுதோ?"

அறைக்குள்ளிருந்து கஜானி தலையை நீட்டினாள். "எதெண்டாலும் பரவாயில்லை. நீங்கள் ரெண்டு பேரும் சண்டை பிடிச்சு முடிக்கேக்கை நான் படிச்சு முடிச்சிடுவன்."

கேதீஸ்வரன் யோசித்தார். தயாளினி தாய்க்கும் பணிந்ததில்லை, தமையனுக்கும் பணிந்ததில்லை. பிள்ளையார் ஒருவருக்குத்தான் பணிவாள். அட, அங்கேதான் வழி இருந்தது!

"இஞ்சரும், ஏன் வீண் கதை? நாளைக்கு வெள்ளிக்கிழமை. பூக்கட்டிப் பாப்பம். வெள்ளைப் பூ வந்தால் என்ரை வெள்ளி. சிவப்புப் பூ வந்தால் உம்மடை கறுப்பு."

முடிவெடுக்கமுடியாத விஷயத்துக்கு ஊரில் செய்கிறதுதான். இரண்டு நிறப் பூவை ஒரேமாதிரி இரண்டு பொட்டலமாகக் கட்டிச் சுவாமியின் காலடியில் வைப்பார்கள். ஐயர் ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வந்த நிறம்தான் தீர்ப்பு, பிறகு ஒருவரும் வாய் திறக்கக்கூடாது.

"ஓம், நல்ல யோசினை. நீங்களே கட்டுங்கோ" என்றாள் தயாளினி.

இவ்வளவு கெதியில் அவள் ஓம் சொன்னதை நினைத்தாவது மனிதர் கொஞ்சம் பயந்திருக்கவேண்டும். சந்தோசம் கண்ணை மறைத்துவிட்டது. விடியக் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு பின்வளவுக்குப் போனார். சிவப்பாய்ப் பூத்துக் கிடந்த செவ்வரத்தையை ஏறிட்டும் பார்க்கவில்லை. நந்தியாவட்டையில் இரண்டு வெள்ளைப் பூப் பிடுங்கி, வாழையிலையில் இரண்டு பொட்டலம் கட்டினார். "பிள்ளையாரப்பா, கோவியாதை. உனக்கும் யோசிக்கிற கரைச்சல் மிச்சம்" என்று ஒரு சமாதானமும் சொல்லிவைத்தார்.

கோயிலில் ஐயர் பொட்டலங்களைக் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். கையை நீட்டப்போனார்.

"ஐயா, ஒரு நிமிசம்" என்றாள் தயாளினி. "எனக்கு மனம் ஒப்பேல்லை. பிள்ளை படிக்கிற சாமான். சரஸ்வதிக்கு வெள்ளைதானே உகந்தது? வெள்ளைப் பூ நான் சொன்ன கறுப்புப் பெட்டிக்கு இருக்கட்டும். இவர் சிவப்பை எடுக்கட்டும்."

கேதீஸ்வரனுக்கு வேட்டி நழுவின மாதிரி இருந்தது. "அதெப்பிடி மாத்திறது? கட்டியாச்சு!"

"கட்டினால் என்னப்பா? உள்ளுக்கை ரெண்டு நிறமும் இருக்குத்தானே?"

அவள் அவரைப் பார்த்தாள். ஐயர் அவரைப் பார்த்தார். பிள்ளையாரும் பார்ப்பது போலத்தான் அவருக்குத் தெரிந்தது.

"இருக்கு… இருக்கு" என்றார்.

"பிறகென்ன, பிள்ளையாருக்கு நிறபேதம் இல்லை" என்று ஐயர் ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

பளீரென்று வெள்ளை. தயாளினி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மற்றப் பொட்டலத்தைக் கேதீஸ்வரன் அவசரமாக எடுத்து மடிக்குள் செருகிக்கொண்டார்.

நெல்லியடியில் கறுப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டு இருவரும் மோட்டார்சைக்கிளில் திரும்பினார்கள். பின்சீற்றில் அவள் லப்டொப்பை மடியில் வைத்து, ஒரு கையால் அவருடைய தோளைப் பிடித்திருந்தாள். கேதீஸ்வரனுக்கு ஒரே கவலை. நாளைக்குச் சங்கக்கடையில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

"சங்கக்கடையிலை உங்கடை முடிவெண்டே சொல்லுங்கோ. நான் ஒருத்தரிட்டையும் மறுத்துக் கதைக்கமாட்டன்" என்றாள் அவள்.

அவருக்கு நெஞ்சு இளகிப்போனது. இவளைப்போய் ஏமாற்றப் பார்த்தேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

"நான் ரெண்டிலையும் வெள்ளை வைச்சது உமக்குத் தெரியும், என்ன?"

"தெரியாமல்?" என்று சிரித்தாள். கொஞ்சத் தூரம் போனபிறகு, "அம்மாவும் ஒருக்கா இதே கோயிலிலை எனக்காகப் பூக்கட்டிப் பாத்தவ. ரெண்டு சாதகம் பொருந்தி வந்திருந்தது. கொழும்பிலை ஒரு எஞ்சினியர், கரவெட்டிச் சங்கக்கடையிலை ஒரு கிளாக்கர். எஞ்சினியருக்குச் சிவப்பு, உங்களுக்கு வெள்ளை" என்றாள்.

இத்தனை வருடத்தில் இதை அவள் வாய்விட்டுச் சொன்னதேயில்லை. கேதீஸ்வரனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மோட்டார்சைக்கிளும் ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு பாய்ந்தது.

"பாத்தீரே! எஞ்சினியரைத் தள்ளிப்போட்டு, பிள்ளையாரே என்னைத்தான் தெரிஞ்செடுத்தவர்!"

தயாளினி அவருடைய காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"பிள்ளையார் பாவம், அவர் என்ன செய்வார்? பொட்டலம் ரெண்டும் கட்டினது நான்."