ஆட்சேபனை கேட்ட குதிரை ஓவர்சியர்

உலகத்தில் எத்தனையோ ஓவர்சியர்கள் பாதை போட்டிருக்கிறார்கள். செத்துப்போனவர்களிடமும் ஆட்சேபனை கேட்டுப் போட்டவர் எங்கள் குதிரை ஓவர்சியர் ஒருவர்தான்.

பெயர்தான் அப்படி. மனிதர் குதிரை ஏற மாட்டார், பயம். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார், ஆபீஸ் குதிரை புது மாப்பிள்ளை மாதிரி கைவீசாத குறையாகப் பின்னால் வரும். மோட்டார் ஏறாத மலையடி ஊர்களுக்காக, ஆண்டிபட்டியிலிருந்து கடமலைக்குண்டு வழியாக வருசநாடு வரை ஒரு பொதுக் குதிரைப் பாதை போடச் சொல்லி உத்தரவு. குமாஸ்தாவான நானும் அவரோடு அலைந்தேன்.

'ஊராரைக் கேட்டுப் போடவும்' என்று உத்தரவில் ஒரு வரி இருந்தது. மற்றவர்கள் என்றால் படித்ததோடு சரி. இவர் கிணற்றில் குளித்தவரை மேலே கூப்பிட்டுக் கேட்டார். சண்டை போட்டுக்கொண்டிருந்த புருஷன் பெண்டாட்டியை நிறுத்தித் தனித்தனியாகக் கேட்டார்.

கடமலைக்குண்டு தாண்டியதும், காலராவில் காலியான ஊர் ஒன்று குறுக்கே கிடந்தது. கூரையில்லாத மண்சுவர்கள். அருகே ஆடு மேய்த்த அம்மாள் சொன்னாள்: "அது வழியாப் போடுறதுன்னா, அங்கன இருக்கவுகளக் கேட்டுக்கங்க."

"அங்கன யாரும் இல்லையே ஆத்தா?"

"இல்லைன்னு யாரு சொன்னாக?"

உச்சி வெயிலில் உள்ளே போனோம். காக்கைகூட இல்லை. ஆனால் எங்கோ மாவரைக்கும் திருகை ஒன்று சுற்றுகிற சத்தம் கேட்டது. ஓவர்சியர் தலைப்பாகையைக் கழற்றி, "பாதை வருது. ஆட்சேபனை இருந்தாச் சொல்லுங்க" என்றார். திருகை நின்றது. குதிரை ஒரு வாசலையே பார்த்துக் காதை விறைத்தது. இவர் அந்த வாசலைப் பார்த்து, "சரி ஆத்தா... சரி ஆத்தா" என்று தலையாட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன சார்?"

"மெல்லப் பேசுப்பா. புள்ள இப்பத்தான் கண்ணசந்திருக்காம். குளம்புச் சத்தம் ஆகாதாம்."

பாதையை ஊரைச் சுற்றி வளைத்து வரைந்தார். ஆபீஸே சிரித்தது. மேலதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. "நேராப் போடும். இல்லாட்டி வேலையை விட்டுப் போம்!"

"வேலை போனாப் போகுது சார். புள்ளயத் தூங்க வச்ச அந்தம்மாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

அதிகாரி கோபத்தோடு தானே பார்த்துவிடுவதென்று குதிரை ஏறி அந்த ஊருக்குள் போனார். நாங்கள் வெளியே நின்றோம். டக் டக்கென்று போன குளம்புச் சத்தம் சட்டென்று நின்றது. வெகுநேரம் கழித்துக் குதிரையை நடத்திக்கொண்டு வந்தார். பூட்ஸ் இரண்டும் கையில், நடை நுனிக்காலில். நான் வாய் திறந்தேன். உதட்டில் விரல் வைத்தார். வளைந்த பாதைக்கே கையெழுத்துப் போட்டார்.

பாதை முடிந்ததும் ஓவர்சியருக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்தவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வேலை மளமளவென்று நடந்தது. எனக்குத்தான் அந்த ஆபீஸில் இருப்புக்கொள்ளவில்லை.